ஓடிஜி அடுப்பில் போர்டு சுட்ட ஆறு மாதம்

63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த சால்டர் (போர்டில் பாகங்களை ஒட்டவைக்கும் ஈயப்பற்று) 183 டிகிரியில் உருகும். இது எனக்கு மனப்பாடம். ஈரோட்டில் இன்வெர்ட்டர், யூபிஎஸ் சர்வீஸ் கடை வைத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. மெயின் கரண்ட், டிரான்ஸ்ஃபார்மர், மாஸ்ஃபெட் எல்லாம் கை பழகியவை. புரோகிராம் மட்டும் ஒரு வரிகூட எழுதியதில்லை. மைக்ரோகன்ட்ரோலர், அதாவது புரோகிராம் ஓடும் ஐ.சி., என்றால் எனக்கு அதுவரை போர்டில் இருக்கும் ஒரு கறுப்பு ஐ.சி., அது போனால் போர்டையே மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். அந்த நிலையிலிருந்து, போர்டைச் சுட்டு சால்டரை உருக்கும் ரீஃப்ளோ அடுப்புக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு கன்ட்ரோலர் செய்து முடிக்க ஆறு மாதம் ஆனது.

செய்யவேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு சின்ன ஐ.சி. சோலார் பேட்டரிகளைக் கண்காணிக்கும் போர்டு ஒன்றை நானே வடிவமைத்துப் பத்து இருபது செய்து பார்க்க ஆசைப்பட்டேன். அதற்கு நான் தேர்ந்தெடுத்த பக் கன்வர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஐ.சி.) க்யூ.எஃப்.என் வகை. கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, வயிற்றுக்கு அடியில் ஒரு தாமிரத் தட்டு இருக்கும். அந்தத் தட்டு போர்டில் ஒட்டினால்தான் சூடு வெளியேறும். சால்டரிங் அயர்ன் முனை அங்கே எட்டாது. ஹாட் ஏர் கன்னில் முயன்றேன். நான்கு போர்டில் இரண்டு கருகின, ஒன்றில் பக்கத்திலிருந்த கெப்பாசிட்டர்கள் காற்றில் பறந்துபோயின. ஒரே ஒரு போர்டு பிழைத்தது. இருபது போர்டு இப்படிச் செய்ய முடியாது.

ரீஃப்ளோ என்பது கேட்க எளிது. கூழ் மாதிரி இருக்கும் சால்டர் பேஸ்ட்டைப் போர்டின் பேடுகளில் (பாகங்கள் உட்காரும் தாமிரத் திட்டுகள்) தடவி, பாகங்களை மேலே வைத்து, மொத்தப் போர்டையும் அடுப்பில் சூடேற்றி இறக்க வேண்டும். ஆனால் ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. 63/37 பேஸ்ட்டுக்கு நான் வைத்துக்கொண்டது இது: 150 டிகிரி வரை வினாடிக்கு ஒன்று அல்லது இரண்டு டிகிரி வீதம் ஏற்றம். 150இலிருந்து 180க்குள் ஒன்றரை நிமிடம் மெதுவாக ஊறவிட வேண்டும், அப்போதுதான் பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளக்ஸ் (உலோகத்தைச் சுத்தம் செய்து சால்டரை ஒட்டவைக்கும் பொருள்) வேலை செய்யும், போர்டு முழுக்கச் சூடு சமமாகும். பிறகு 215 வரை வேகமாக ஏறி, 183க்கு மேல் மொத்தம் ஒரு நிமிடம் இருந்து, இறங்க வேண்டும். வினாடிக்கு மூன்று டிகிரிக்கு மேல் ஏற்றினால் செராமிக் கெப்பாசிட்டர்களில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வரலாம். அதிகநேரம் ஊறவிட்டால் ஃப்ளக்ஸ் வற்றி, உருகிய சால்டர் ஒட்டாமல் குண்டுகுண்டாக நிற்கும்.

ரொட்டி, கேக் சுடும் பழைய ஓடிஜி மின்அடுப்பு ஒன்று 1,200 ரூபாய்க்குக் கிடைத்தது. 1,380 வாட், சூடேற்றும் ராடு மேலே இரண்டு, கீழே இரண்டு. அதன் நெற்றியில் அன்றே மார்க்கரால் "சமையலுக்கு அல்ல" என்று பெரிதாக எழுதினேன். காரீயமும் ஃப்ளக்ஸ் புகையும் பட்ட அடுப்பில் அதன் பிறகு ஒரு ரொட்டித் துண்டைக்கூடச் சூடு பண்ணக் கூடாது. இதில் சமரசமே கிடையாது. வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் அடுப்பைக் கடையிலோ ஷெட்டிலோ வையுங்கள், ஜன்னலோரம் ஃபேன் போட்டு ஓட்டுங்கள், பேஸ்ட் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பேஸ்ட் டப்பாவைக் குளிரில் வைக்க வேண்டும் என்பதால் கடைக்கென்று ஒரு குட்டி ஃபிரிட்ஜ் வாங்கினேன். வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் பேஸ்ட்டில் வேர்த்துப் பிடிக்கும், அடுப்பில் அது பொரிந்து தெறிக்கும்.

மற்ற சாமான்கள்: ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏற்றி ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), கே டைப் தெர்மோகப்பிள் (முனையில் சூட்டை அளக்கும் வயர்), அதைப் படிக்க மேக்ஸ் 6675 மாட்யூல், ராடுகளை ஆன் ஆஃப் செய்ய எஸ்.எஸ்.ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையும் பாகம் இல்லாத மின் சுவிட்ச்), பதினாறு எழுத்து இரண்டு வரி எல்.சி.டி., ஒரு பஸ்ஸர். பெரும்பாலானவற்றைச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போயிருந்தபோது வாங்கிவந்தேன்.

என் அக்கா மகன் ஈ.சி.இ இரண்டாம் வருடம் படிக்கிறான். முதல் நாள் அவன்தான் கம்ப்யூட்டரில் எல்லாம் ஏற்றிக்கொடுத்து, எல்.இ.டி சிமிட்டும் புரோகிராமை ஓட்டிக் காட்டினான். போகும்போது ஒன்று சொன்னான்: "மாமா, மெயினை இப்பவே குடுத்துடாதீங்க. எஸ்.எஸ்.ஆர் இருக்கற இடத்துல ஒரு எல்.இ.டி வச்சு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க." மெயின் கரண்டோடு பதினெட்டு வருடம் புழங்கிய எனக்கு அது தேவையில்லாத எச்சரிக்கையாகப் பட்டது. ஆனாலும் கேட்டேன். கேட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பதை அந்த ஒரு வாரமே காட்டிவிட்டது.

முதலில் அந்த எல்.இ.டி. நான் அதை 13ஆம் பின்னில் வைத்திருந்தேன், போர்டிலேயே அந்தப் பின்னுக்கு ஒரு விளக்கு இருப்பதால் வசதி என்று. ரீசெட் பட்டனை அழுத்தும்போதெல்லாம் அது படபடவென்று இரண்டு மூன்று முறை சிமிட்டியது. என் புரோகிராமில் அப்படி ஒரு வரியும் இல்லை. ஊனோ விழிக்கும்போது அதில் முன்பே இருக்கும் பூட்லோடர் என்ற துவக்கப் புரோகிராம்தான் 13ஆம் பின்னைச் சிமிட்டுகிறது. அங்கே எஸ்.எஸ்.ஆர் இருந்திருந்தால் ஒவ்வொரு ரீசெட்டுக்கும் ராடுகளுக்கு கரண்ட் போயிருக்கும். வேறு பின்னுக்கு மாற்றினேன். அங்கேயும் புரோகிராம் துவங்கும்வரை பின் ஆனும் இல்லாமல் ஆஃபும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். அதனால் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டேன். இரண்டு ரூபாய்கூட ஆகாத பாகம், இந்தக் கன்ட்ரோலரில் அதைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்து நேரம். பழகுபவர்கள் எல்லோரையும் போல நானும் டிலே போட்டுத்தான் எழுதினேன். வெப்பநிலையைப் படி, அரை வினாடி நில், மறுபடி படி. டிலே ஓடும்போது பட்டனை அழுத்தினால் ஊனோ கவனிக்காது என்பது தெரிந்ததும் மருமகன் சொன்னபடி டிலேயை எடுத்துவிட்டு மில்லிஸுக்கு மாறினேன். மில்லிஸ் என்பது ஆன் ஆனதிலிருந்து எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும் கடிகாரம். மாற்றியவுடன் வெப்பநிலை 31.25இல் நின்றுவிட்டது. தெர்மோகப்பிள் முனையை விரலில் பிடித்தேன், 31.25. சால்டரிங் அயர்ன் பக்கத்தில் கொண்டுபோனேன், 31.25. மாட்யூல் போய்விட்டது என்று நினைத்து இன்னொன்று மாற்றினேன், அதுவும் அதே மாதிரி ஒரு எண்ணில் நின்றது.

மாட்யூலில் ஒரு குறையும் இல்லை. மேக்ஸ் 6675 ஒரு முறை அளந்து முடிக்க 0.22 வினாடி வரை எடுத்துக்கொள்ளும். நடுவில் நாம் போய்க் கேட்டால் செய்துகொண்டிருந்த அளவை அப்படியே விட்டுவிட்டுப் பழைய எண்ணையே கொடுக்கும், பிறகு முதலிலிருந்து அளக்கத் தொடங்கும். டிலே இருந்தவரை அதற்கு நேரம் கிடைத்தது. டிலேயை எடுத்ததும் நான் வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை கேட்டேன், அதற்கு முடிக்கவே வழியில்லை. கால் வினாடிக்கு ஒருமுறை மட்டும் கேட்கும்படி மாற்றினேன், சரியாகிவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் ராடு மாட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுப்பு சிவந்துகொண்டே போகும். திரை 31.25 என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருக்கும். கன்ட்ரோலரும் "இன்னும் சூடாகவில்லை" என்று முழுக் கரண்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அன்றைக்கே புரோகிராமில் ஒரு விதி சேர்த்தேன்: ராடு முழு வேகத்தில் எரியும்போது 30 வினாடியில் வெப்பநிலை குறைந்தது 5 டிகிரியாவது ஏறாவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்து, பஸ்ஸரை அடி. தெர்மோகப்பிள் கழன்று விழுந்தாலும், ராடு உடைந்திருந்தாலும், மாட்யூல் உறைந்தாலும் இந்த ஒரு விதி பிடித்துவிடும். தெர்மோகப்பிள் அறுந்தால் மேக்ஸ் 6675 தானே சொல்லும். ஆனால் அது முழுசாக இருந்து வேறு எங்கேயோ கிடந்தால் சொல்லாது.

மூன்றாவது கோளாறு திரையில் நேரடியாகத் தெரிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வினாடி ஆகிறது என்று இரண்டாவது வரியில் காட்டவைத்திருந்தேன். 29, 30, 31, 32. அடுத்து -32. பிறகு -31, -30 என்று பின்னோக்கி எண்ணியது. நான் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகனுக்குப் ஃபோன் போட்டதும் எதிர்முனையில் உடனே பதில் வந்தது: "மாமா, நேரத்தை இன்ட்டுல வச்சிருக்கீங்களா? ஊனோவுல அது 32,767 வரைக்குந்தான் தாங்குமுங்க." இன்ட் என்பது எண்ணைச் சேமித்துவைக்கும் ஒரு சின்ன வகை. மில்லி வினாடியில் 32,767 என்றால் 32 வினாடியும் கொஞ்சமும். அதைத் தாண்டினால் எண் கவிழ்ந்து கழித்தலுக்குப் போய்விடும். ஊறவிடும் கட்டம் 90 வினாடி முடிந்ததும் அடுத்ததற்குப் போ என்று எழுதியிருந்தேன். எண் 32ஐத் தாண்டவே போவதில்லை என்றால் 90 எப்படி வரும்? அடுப்பு ஊறவிடும் கட்டத்திலேயே காலம் முழுக்கக் கிடக்கும். நேரம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அன்சைன்ட் லாங் என்ற பெரிய எண் வகைக்கு மாற்றினேன். அது 49 நாள் வரை தாங்கும்.

அதற்குப் பிறகுதான் மெயினுக்கு வந்தேன். இந்தப் பகுதி எனக்குப் பழக்கமானது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுப்பின் தகர உடம்புக்கு எர்த் கட்டாயம். லைனில் எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் விழும் சுவிட்ச்), அதற்கு முன் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்). மெயின் வயரும் ஐந்து வோல்ட் வயரும் ஒரே பெட்டியில் இருந்தாலும் நடுவே தடுப்பு வேண்டும், ஒன்று கழன்றாலும் மற்றதைத் தொடாத தூரம் வேண்டும். ராடு பக்கத்து வயர்களுக்கு சாதாரண பி.வி.சி கூடாது, சிலிக்கான் அல்லது கண்ணாடி நூல் உறை போட்டது வேண்டும். எஸ்.எஸ்.ஆர் ஆஃபில் இருந்தாலும் அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசியும். ஷாக் அடிக்க அது போதும். ஆஃப் ஆகிவிட்டதே என்று உள்ளே கை வைக்காதீர்கள், ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடுங்கள். மெயினில் வேலை செய்து பழக்கமில்லாத புரோகிராம்காரர்கள் இந்தப் பாதியை மட்டும் ஒரு எலக்ட்ரீஷியனை உட்காரவைத்துச் செய்துகொள்ளுங்கள். நான் மருமகனிடம் கேட்டதைப் போலத்தான்.

முதலில் அடுப்பை கன்ட்ரோல் செய்ய முயலாமல் சும்மா அளந்தேன். இது நான் எடுத்த நல்ல முடிவு. முழுக் கரண்ட் கொடுத்து வினாடிக்கு ஒரு அளவு எடுத்து வரைபடம் போட்டேன். முதல் இருபது வினாடிக்கு எண் அசையவே இல்லை, ராடுகள் தங்களைச் சூடாக்கிக்கொள்ளும் நேரம் அது. பிறகு வினாடிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. 180க்கு மேல் மூச்சு வாங்கியது. 150இல் கரண்ட்டை நிறுத்தினேன். நின்றதா? 171 வரை போய்த்தான் திரும்பியது. ராடு சிவப்பாக இருக்கும்வரை சூடு வந்துகொண்டேதான் இருக்கும். தோசைக்கல் அடுப்பை அணைத்த பிறகும் ஒரு தோசை சுடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், புரோகிராமுக்குத்தான் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

சொல்லிக்கொடுக்கும் முறைக்குப் பெயர் பி.ஐ.டி. இலக்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம், எவ்வளவு நேரமாகத் தள்ளி இருக்கிறோம், எவ்வளவு வேகமாக நெருங்குகிறோம் என்ற மூன்றையும் கலந்து எவ்வளவு கரண்ட் என்று முடிவு செய்வது. ஸீக்லர், நிக்கல்ஸ் என்ற இருவர் 1942இல் இதை ட்யூன் செய்ய வகுத்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நான் பிரெட் போரிகார்ட் ஆர்டுயினோவுக்கு எழுதிய பி.ஐ.டி நூலகத்தை (ஆயத்தமான புரோகிராம் தொகுப்பு) எடுத்துப் பயன்படுத்தினேன். எஸ்.எஸ்.ஆரைப் பாதி திறக்க முடியாது, ஆன் அல்லது ஆஃப்தான். அதனால் இரண்டு வினாடியை ஒரு சுற்றாக வைத்து, 40 சதவீதம் வேண்டுமென்றால் 0.8 வினாடி ஆன், 1.2 வினாடி ஆஃப். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அரை அலை 10 மில்லி வினாடி என்பதால் இரண்டு வினாடியில் 200 படிகள் கிடைக்கும். ராடு இவ்வளவு மந்தமாக இருக்கும்போது இது தாராளம்.

நூலகத்தைப் போட்டதும் அடுப்பு 90 டிகிரியைத் தாண்டவில்லை. பி.ஐ.டி எண்களை இரண்டு நாள் மாற்றிமாற்றிப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த நூலகம் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 0 முதல் 255 வரைதான் விடை தரும். என் சுற்று 2,000 மில்லி வினாடி. ஆக, எவ்வளவு கத்தினாலும் 13 சதவீதக் கரண்ட்தான் போயிருக்கிறது. உச்சவரம்பை 2,000 என்று மாற்றும் ஒரு வரி சேர்த்தேன். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இலக்கை ஒரேயடியாக 30இலிருந்து 150க்குத் தாவவிட்டால் "எவ்வளவு நேரமாக" என்ற பகுதி போகும் வழியெல்லாம் சேர்ந்து மூட்டையாகிவிடும், 150க்கு வந்த பிறகும் அந்த மூட்டை தீரும்வரை அடுப்பு எகிறும். இலக்கை வினாடிக்கு ஒரு டிகிரி என்று நகர்த்திக்கொண்டே போனால் அடுப்பு பின்னாலேயே வரும். எனக்கு 150இல் எகிறல் 4 டிகிரிக்குள் வந்தது. அதற்கு மேல் ட்யூன் செய்ய நான் நேரம் செலவழிக்கவில்லை. பலரும் இந்த மூன்று எண்களோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். என் அனுபவத்தில் தொல்லை பெரும்பாலும் அங்கே இல்லை, அளக்கும் இடத்தில்தான் இருந்தது.

தெர்மோகப்பிள் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வாங்கியது ஒரு மீட்டர் வயர். அடுப்பிலிருந்து கன்ட்ரோலர் பெட்டிக்கு எட்டவில்லை. வழக்கம்போல சாதாரணத் தாமிர வயர் சேர்த்து, டேப் சுற்றி, நீட்டிவிட்டேன். மேஜைமேல் வைத்துச் சோதித்தபோது பனிக்கட்டித் தண்ணீரில் 0, கொதிக்கும் தண்ணீரில் 99. (ஈரோட்டில் இது சரி. ஊட்டியில் தண்ணீர் 92, 93இலேயே கொதித்துவிடும், அங்கே 100 காட்டினால்தான் தப்பு.) திருப்தியாக அடுப்பில் மாட்டினேன். ஏதோ தோன்றி இன்னொரு சோதனையும் செய்தேன். கழிவுப் போர்டு ஒன்றில் 63/37 சால்டர் கம்பித் துண்டு ஒன்றை வைத்து, அதை ஒட்டியே தெர்மோகப்பிள் முனையைச் சூடு தாங்கும் கேப்டான் டேப் போட்டு ஒட்டி, மெதுவாகச் சூடேற்றினேன். கம்பி சரிந்து உருண்டையான நொடியில் திரையைப் பார்த்தேன். 160.

சால்டர் பொய் சொல்லாது. 63/37 வேறெங்கும் இல்லை, 183இல்தான் உருகும். அதனால் 23 டிகிரி தப்பு திரையில்தான். தெர்மோகப்பிள் என்பது வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை. முனைக்கும், அந்த விசேஷ உலோக வயர் முடியும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அளக்கும், டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட் கணக்கில். வயர் முடியும் இடம் தன் பக்கத்தில் இருப்பதாக நினைத்து மேக்ஸ் 6675 தன் சொந்தச் சூட்டை அதோடு கூட்டிக்கொள்ளும். நான் தாமிரம் சேர்த்த இடம் அடுப்பின் முதுகில் இருந்தது. மேஜைமேல் இருந்தவரை அந்த இணைப்பும் சிப்பும் ஒரே சூடு, கணக்கு சரியாக வந்தது. அடுப்பு சூடானதும் இணைப்பு 55 ஆயிற்று, சிப் 32இலேயே இருந்தது, இடையே 23 டிகிரி காணாமல் போயிற்று. கே டைப்புக்கென்றே உள்ள வயரில்தான் நீட்ட வேண்டும். அல்லது மாட்யூலை அடுப்புக்குக் கிட்டே, ஆனால் சூடு படாத இடத்தில் வைத்து, அங்கிருந்து ஊனோவுக்கு நீட்ட வேண்டும். நான் இரண்டு மீட்டர் தெர்மோகப்பிளே வாங்கிவிட்டேன். வயரின் நிறத்தையும் நம்பாதீர்கள். அமெரிக்க முறையில் கே டைப்புக்குச் சிவப்பு என்றால் நெகட்டிவ், நம் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் சிவப்பு பாசிட்டிவ். மாட்டிவிட்டு முனையை விரலால் பிடியுங்கள். எண் இறங்கினால் திருப்பி மாட்டுங்கள்.

இதெல்லாம் முடிந்து முதல் நிஜப் போர்டு. ஒவ்வொரு தடவையும் போர்டில் டேப் ஒட்டுவது தொல்லையாக இருந்ததால் முனையை அடுப்பின் நடுவில் காற்றில் தொங்கவிட்டேன். 150, ஊறல், 183, 200, 215. பஸ்ஸர் அடித்தது. கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன், பேஸ்ட் சாம்பல் நிறக் கூழாகவே இருந்தது. காற்று 215க்குப் போயிருக்கிறது, போர்டு போகவில்லை. ஏறும்போது இரண்டுக்கும் இடையே 30 டிகிரி வரை வித்தியாசம் இருந்ததைப் பிறகு அளந்து பார்த்தேன். தாமிரம் அதிகமுள்ள கனமான போர்டு இன்னும் பின்தங்கும். அன்றிலிருந்து நான் சுடும் போர்டைப் போலவே கனமுள்ள ஒரு கழிவுப் போர்டை எப்போதும் ட்ரேயில் பக்கத்தில் வைக்கிறேன். அதில் ஒரு துளை போட்டு முனையை நுழைத்து, மேலே கேப்டான் டேப் ஒட்டி நிரந்தரமாகக் கட்டிவைத்திருக்கிறேன். கன்ட்ரோலர் அந்தப் போர்டைத்தான் சுடுகிறது, நிஜப் போர்டு கூடவே வேகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட்டினேன். 183ஐத் தாண்டிச் சில வினாடி ஒன்றும் இல்லை. பிறகு ட்ரேயின் பின்மூலையில் ஒரு பேட் பளிச்சென்று வெள்ளியாக மின்னியது. அந்த மினுக்கம் போர்டின் குறுக்கே ஓடி வந்தது, மழைத்துளி விழுந்த தரை ஈரமாவது போல. நான் கைநடுங்கிக் கொஞ்சம் கோணலாக வைத்திருந்த ஒரு ரெசிஸ்டர் தானாகவே நகர்ந்து நேராக உட்கார்ந்தது. உருகிய சால்டரின் பரப்பு இழுவிசை அதைப் பேடுக்கு நடுவே இழுத்துக்கொள்கிறது. பதினெட்டு வருடம் சால்டரிங் செய்தவன் நான், அதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். மகளைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் முடிந்துவிட்டது. அடுத்த போர்டுக்கு அவளை முதலிலேயே கண்ணாடி முன் உட்காரவைத்தேன்.

கதவைத் திறந்து ஆறவிடும்போது ஒன்று கவனியுங்கள். உச்சம் முடிந்தவுடன் ட்ரேயை வெளியே இழுக்காதீர்கள். சால்டர் இன்னும் தண்ணியாக இருக்கும், ஒரு சின்ன அதிர்ச்சியில் பாகங்கள் வழுக்கிவிடும். நான் கதவை மட்டும் திறந்துவிட்டு, கழிவுப் போர்டு 150க்குக் கீழே வரும்வரை தொடுவதில்லை.

ஒன்பதாவது போர்டில்தான் அது நடந்தது. உச்சம் முடிந்து பஸ்ஸர் அடித்தது. கதவைத் திறந்தேன். எஸ்.எஸ்.ஆரின் சின்னச் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது, திரையில் "ஆறுதல்" என்று இருந்தது. ஆனால் முகத்தில் அடித்த சூடு குறையவில்லை. ராடுகள் சிவந்தபடி இருந்தன. கதவு திறந்திருந்தும் எண் 218, 221, 224 என்று ஏறியது. புரோகிராம் சரியாகத்தான் இருந்தது, பின் பூஜ்யத்தில்தான் இருந்தது. ப்ளக்கைப் பிடுங்கினேன். போர்டின் யூ.எஸ்.பி கனெக்டர் பிளாஸ்டிக் பழுப்பேறிப்போயிருந்தது, நல்லவேளை அதோடு போயிற்று. ஆறிய பிறகு எஸ்.எஸ்.ஆரின் அவுட்புட்டில் மல்டிமீட்டர் வைத்தேன். ஷார்ட்.

உடைத்துப் பார்த்தேன். மேலே 40 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது, உள்ளே கரண்ட்டை விட்டு நிறுத்தும் ட்ரையாக் 16 ஆம்பியருக்கானது. ஆனால் அதன்மேல் மட்டும் பழி போட முடியாது. என் அடுப்பு இழுப்பது ஆறு ஆம்பியர்தான், 16 அதற்குப் போதும். ஆறு ஆம்பியர் போகும்போது எஸ்.எஸ்.ஆரில் ஏழெட்டு வாட் சூடு உண்டாகும். அதை நான் ஒரு மெல்லிய தகரத்தில், தெர்மல் பேஸ்ட்கூடப் போடாமல், மூடிய பெட்டிக்குள் முறுக்கியிருந்தேன். இன்வெர்ட்டரில் மாஸ்ஃபெட் ஹீட்சிங்க்கை அவ்வளவு கவனமாகப் பூட்டும் நான் இதில் சிறிய வேலைதானே என்று விட்டுவிட்டேன். அதைவிட முக்கியமான விஷயம் வேறு. எஸ்.எஸ்.ஆர் கெட்டுப்போனால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயேதான் கெடும். ஒரு வால்வு பூட்ட முடியாமல் திறந்தே நின்றுவிடுவது மாதிரி. எவ்வளவு நல்ல புரோகிராம் எழுதினாலும் அதை எட்டி நிறுத்த வழியில்லை.

அதனால் இப்போது ராடுகளுக்குப் போகும் கரண்ட் வரிசையாக நான்கு பேரைத் தாண்டித்தான் போகிறது. எஸ்.எஸ்.ஆர், சரியான ஹீட்சிங்க்கோடு. பிறகு இன்வெர்ட்டரில் போடும் சாதாரண 30 ஆம்பியர் ரிலே ஒன்று. இது வேறொரு பின்னில் இருக்கிறது, ஓட்டம் துவங்கும்போது கரண்ட்டை இணைத்து, உச்சம் முடிந்ததும் துண்டித்துவிடும், 230ஐத் தாண்டினாலும் துண்டித்துவிடும். ஒட்டிக்கொண்ட எஸ்.எஸ்.ஆரை இது பிரித்துவிடும். மூன்றாவது, அடுப்போடு வந்த பழைய தெர்மோஸ்டாட். டைமரைத்தான் எடுத்தேன், தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைத்து அப்படியே விட்டுவிட்டேன், என் அடுப்பில் அது 215க்குக் குறுக்கே வரவில்லை. கடைசியாக உள்தகரத்தின் வெளிப்பக்கம், சூடு எல்லை மீறினால் அறுந்துபோகும் ஒரு தெர்மல் ஃப்யூஸ், சால்டர் வைக்காமல் கிரிம்ப் செய்து மாட்டியது. ஊனோவின் வாட்ச்டாக் டைமரையும் ஆன் செய்துவிட்டேன், புரோகிராம் எங்காவது சிக்கி நின்றால் இரண்டு வினாடியில் ரீசெட் ஆகும், ரீசெட் ஆனால் ரிலேயும் கரண்ட்டைத் துண்டிக்கும். இவ்வளவு இருந்தும் அடுப்பு ஓடும்போது நான் கடையை விட்டு வெளியே போவதில்லை. டீ குடிக்கக்கூட.

கடைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் பேஸ்ட் வாங்கினால் பலவீனமான அடுப்பிலும் வேலை சுலபம் என்பார்கள், அது உண்மைதான். ஆனால் காரீயம் கலந்த பழைய சால்டர் இருக்கும் பேடில் அதைப் போடாதீர்கள். வெள்ளீயம், காரீயம், பிஸ்மத் மூன்றும் சேர்ந்தால் 96 டிகிரியிலேயே உருகும் ஒரு கலவை உண்டாகிறது. சூடாகும் இன்வெர்ட்டர் போர்டில் அந்த இணைப்பு நிலைக்காது. சர்வீஸ் வேலையில் பழைய போர்டில்தான் நாம் பேஸ்ட் வைக்கிறோம், அதனால் இது நமக்கு ரொம்ப முக்கியம்.

இதுவரை 31 போர்டு சுட்டிருக்கிறேன். கடைசி இருபதில் ஒன்றில் மட்டும் ஒரு கெப்பாசிட்டர் கல்லறைக் கல் மாதிரி ஒரு பக்கமாக எழுந்து நின்றது. ஒரு பேடில் பேஸ்ட் அதிகம் தடவியிருந்தேன், அயர்னால் சரிசெய்துவிட்டேன். மருமகன் அவன் ப்ராஜெக்ட் போர்டை எடுத்துக்கொண்டு பொங்கல் லீவுக்கு வருகிறான். அவனுக்குக் காரீயம் இல்லாத பேஸ்ட்தான் வேண்டுமாம். அது 217இல்தான் உருகத் தொடங்கும், உச்சம் 240 வேண்டும். என் அடுப்பு 220க்கு மேல் திணறுகிறது, தெர்மோஸ்டாட்டும் ஃப்யூஸும் அந்த உயரத்துக்கு ஏற்றவை இல்லை, ரிலேயின் 230 வரம்பையும் மாற்ற வேண்டும். வெளித்தகரத்துக்கும் உள்தகரத்துக்கும் நடுவே திணிக்கச் செராமிக் கம்பளி வாங்கிவைத்திருக்கிறேன், அதன் தூசு மூச்சில் போகாமல் இருக்க மாஸ்க்கும். இந்த ஞாயிறு அடுப்பைப் பிரிக்க வேண்டும்.